பங்குக் கூட்டத்துக்கு வழி தவறி வந்த டீச்சர்

யூஜினியா டீச்சரைப் பங்குச் சந்தைக்கு இழுத்து வந்தது ஆசை அல்ல, பக்தி. ஆசையால் வந்தவர்களில் பாதிப் பேர் காரைக்குடியில் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பக்தியால் வந்தவர் ஐந்து ஆண்டுகளாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தவறவிட்டதில்லை.

செக்காலையில், தேவாலயத்துக்கு எதிர்வரிசையில் முத்துக்கண்ணனுக்கு ஒரு மின்சாமான் கடை உண்டு. ஸ்விட்ச், ஒயர், மின்விசிறி. கடைக்கு மேலே ஒரு காலி அறை. பங்கு வாங்கி விற்கிற நாலு பேர் வாரத்துக்கு ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பேசினால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. மின்விசிறி வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, தடித்த பேனாவை எடுத்து, "பங்குச் சந்தைக் கூட்டம்" என்று எழுத உட்கார்ந்தார். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் அட்டையில் இடம் போதவில்லை. சந்தை விழுந்துவிட்டது. சந்தை விழுவது முத்துக்கண்ணனுக்குப் புதிதில்லை, அப்படியே தொங்கவிட்டார். "பங்குக் கூட்டம். ஞாயிறு மாலை 4 மணி. மாடியில். அவசியம் வரவும்."

பங்கு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் ஆளுக்கொரு பொருள். பெரிய வீட்டுக்காரர்களுக்கு அது பூர்வீக வீட்டில் பதினாறில் ஒன்று. முத்துக்கண்ணனுக்கு அது கைபேசியில் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறிக்கொண்டிருக்கும் ஓர் எண். கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்றால் அவர்களுடைய தேவாலயமும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். அங்கே இருக்கும் சாமியார் பங்குத்தந்தை. முப்பத்து நாலு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்து, அந்த மே மாதம்தான் ஓய்வு பெற்றிருந்த யூஜினியா, காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது அட்டையைப் பார்த்தார். கோயில் மண்டபத்தில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் கூட்டத்தை எதிர்மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொல்கிற கணக்கு டீச்சர்கள் தாங்கள் ஒருமுறைதான் படிப்பார்கள்.

நாலு மணிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தொடக்க ஜெபத்துக்குக் காத்திருந்தார். ஜெபம் வரவில்லை. முத்துக்கண்ணன் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"போன வாரம் சிமெண்டு இருநூறு வாங்கியிருக்கேன்."

கோயில் மணிக்கூண்டு வேலைக்கு என்று டீச்சர் எடுத்துக்கொண்டார். மணிக்கூண்டை அவர் பார்த்திருக்கிறார். இருநூறு மூட்டை அதிகம்.

"இருநூறு எதுக்கு?" என்று கேட்டார்.

"ஏறும்னுதான்."

"ஏத்துறதுக்கு அம்பது போதுமே. மழை வேற வரப்போகுது. மிச்சத்தை எங்க வப்பீக?"

மழை என்றதும், வந்திருப்பவர் பெரிய முதலீட்டாளர், பருவமழைக்கும் சிமெண்டுக்கும் உள்ள தொடர்பைத் தெரிந்துதான் கேட்கிறார் என்று முத்துக்கண்ணன் நினைத்தார். வியர்த்துவிட்டது.

"யாரைக் கேட்டு வாங்குனீக?"

"டீவில ஒருத்தர் சொன்னாருங்க."

"டீவில சொன்னா வாங்கிருவீகளா? ஊரு பணம்!"

"என் பணந்தாங்க" என்றார் முத்துக்கண்ணன் அழாத குறையாக.

பின்வரிசையில் காளீஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காளீஸ்வரி தபால் நிலைய ஊழியர். நாள் முழுவதும் ஊராருக்குச் சேமிப்புப் பத்திரத்தின் பெருமையைச் சொல்லிவிட்டு, தன் பணத்தை மட்டும் பங்குகளில் போடுகிறவர். அவர்தான் டீச்சருக்கு விஷயத்தை விளக்கினார். டீச்சர் முகம் சிவந்து எழுந்தார். காளீஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீக டீச்சர். ஒரு வருசமா நாங்க வாங்குறோம், விக்கிறோம். 'எதுக்கு'ன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

அன்றிலிருந்து அந்த மாடியில் ஒரு விதி. பங்கு வாங்கியவர் அதற்கான காரணத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டும். "யாரோ சொன்னார்கள்" என்பது காரணம் ஆகாது. "ஏறும்" என்பதும் ஆகாது. அட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை. வருடத்துக்கு இரண்டு பேராவது இன்றும் ஜெபத்துக்குக் காத்திருந்துவிட்டுப் போகிறார்கள்.

கூட்டத்தில் வருகிற காரணங்களைப் பெரிய நகரத்து நிபுணர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் குறித்தும் கொள்வார்கள். காளீஸ்வரி ஒரு பிஸ்கட் கம்பெனியில் வாங்கினார். "ஆபீஸ் டீக்கு அந்த பிஸ்கட்டுதான். பாக்கெட்டு சிறுத்துப்போச்சு, வெல அப்பிடியே இருக்கு. எனக்கு நட்டம்னா அவனுக்கு லாபந்தானே? அதான் அங்குட்டுப் போயி நின்னுக்கிட்டேன்." நகரப் பேருந்து ஓட்டுநர் பெத்தன் ஒரு டூவீலர் கம்பெனியில் வாங்கினார். ஒரே நாளில் நாற்பத்தேழு புது வண்டி பார்த்ததாகவும், அதில் முப்பத்தொன்று அந்தக் கம்பெனி வண்டி என்றும் சொன்னார்.

"ஓட்டும்போதா எண்ணுனீக?" என்றார் டீச்சர்.

"சிக்னல்ல நிக்கிறப்ப டீச்சர்."

"நீங்க போற வழில எத்தனை சிக்னல் இருக்கு?"

பெத்தன் சாக்பீஸைத் தேடத் தொடங்கினார். காரணம் பலகையில் ஏறியது.

டீச்சர் மற்றவர்களிடம் ஆயிரம் காரணம் கேட்பாரே தவிர, தான் வாங்குவது வருடத்துக்கு ஒன்று, இரண்டுதான். அதனால் சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று "நான் ஒண்ணு வாங்கியிருக்கேன்" என்று அவர் சொன்னபோது அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து பம்ப்செட் கம்பெனி ஒன்று. பெயரைச் சொல்வதாக இல்லை; சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் இரண்டு பேராவது வாங்குவார்கள். டீச்சர் பலகையில் அச்சடித்தது போன்ற எழுத்தில் எழுதினார்: "கடன் இல்லாத கம்பெனி. விவசாயம் உள்ளவரை பம்பு ஓடும்."

அடுத்த ஞாயிறு பெத்தன் அதே கம்பெனியில் வாங்கிவிட்டு வந்து நின்றார். காரணம் கேட்டதற்கு, "கடன் இல்லாத கம்பெனி. வெவசாயம் உள்ளவரை..." என்று ஆரம்பித்தார்.

"ஒங்க பேப்பரைப் பாத்து எழுதுறாரு டீச்சர்" என்று போட்டுக்கொடுத்தார் காளீஸ்வரி.

"எம்புட்டு வாங்குன?" என்றார் முத்துக்கண்ணன்.

"பிரியா பீஸ அப்பிடியே போட்டுட்டேன். ஜூன் இருபத்தெட்டுக்குத்தான் கட்டணும். அதுவரைக்கும் பேங்குல சும்மாதான கெடக்கும்?"

பிரியா என்பது அவர் மகள் சத்தியப்பிரியா. மதுரையில் செவிலியர் படிப்பு, முதலாண்டு முடிந்துவிட்டது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காகப் பெத்தன் எட்டு மாதம் கூடுதல் டூட்டி பார்த்ததை அந்த அறையில் எல்லோரும் அறிவார்கள். தேதி தவறினால் இடம் போய்விடும் என்பதையும் அறிவார்கள். முத்துக்கண்ணன் மட்டும் "அடேயப்பா" என்றார்.

வீட்டுக்குப் போனதும் டீச்சர் கம்பெனியின் புதிய ஆண்டறிக்கையை நகல் கடையில் அச்செடுத்து வந்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். வாங்குவதற்கு முன் அவர் படித்தது அதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கை. புதியதின் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் கம்பெனி கடன் வாங்கியிருந்தது. புதிய தொழிற்சாலை ஒன்றுக்காக. சின்னக் கடனும் இல்லை. பலகையில் எழுதிய முதல் வாக்கியம் பொய்யாகிவிட்டது. சரி, தன் பங்குகளை நாளைக் காலை விற்றுவிடலாம் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் மனது முடியாது என்றது. எதற்கு முடியாது என்று, மற்றவர்களைக் கேட்கும் அதே குரலில், தன்னையும் கேட்டுக்கொண்டார்.

விடை அவருக்குத் தெரிந்ததுதான். அவர் கணவர் மரியப்பன் அந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒக்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் பழுது பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்தார். மறுநாள் விடியுமுன் கம்பெனி மேலாளர் கோயம்புத்தூரிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினார். மூன்று நாள் தங்கி, கல்லறையில் கடைசிப் பிடி மண் போடும்வரை நின்றார். மகள் ஆஷ்லினுக்கு அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. அந்த ஆண்டுக் கட்டணத்தை யாரும் கேட்காமலே கம்பெனி கட்டியது. ஆஷ்லின் இப்போது பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். டீச்சர் அந்தப் பங்கை வாங்கியதற்குக் காரணம் பம்பும் இல்லை, விவசாயமும் இல்லை. நன்றி. நாலு ஆண்டுகளாக ஊரையே காரணம் கேட்டவர், தன் காரணத்தை மட்டும் பலகைக்கு ஏற்றாற்போல் மாற்றி எழுதியிருக்கிறார். அதை நம்பி ஒருவர் மகளின் படிப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு டீச்சர் கீழச்சிவல்பட்டி போகும் நகரப் பேருந்தில் ஏறினார். ஓட்டுநர் பெத்தன். பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பயணச் செலவில் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், டீச்சரின் கண்ணுக்கு நேராக, "ஓட்டுநரிடம் பேசாதீர்கள்" என்று எழுதியிருந்தது. பெத்தன் ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் வெள்ளரிப் பிஞ்சு விலையை விசாரித்தார், முன் இருக்கைக் கிழவரோடு கோயில் திருவிழா பேசினார், எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் வண்டியை நிறுத்திச் சம்பளம் போட்டாயிற்றா என்று கேட்டார். டீச்சர் மட்டும் விதியை மீறாமல், சொல்ல வந்த விஷயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி நிறுத்தம்வரை அவர் முதுகைப் பார்த்தபடி வந்தார்.

இறங்கியதும் பெத்தன் பார்த்துவிட்டார்.

"டீச்சர்! இங்குட்டு எங்க?"

"ஒங்களத்தான் பாக்க வந்தேன்."

"இம்புட்டு நேரம் என் முதுகுக்குப் பின்னாடிதான இருந்தீக? ஒரு சத்தம் குடுக்க வேண்டியதுதான?"

டீச்சர் பேருந்துக்குள் எழுதியிருந்ததைக் கை காட்டினார். பெத்தன் அதை முதல்முறையாகப் படிப்பவர் போலப் படித்தார்.

"அத மதிச்ச மொத ஆளு நீங்கதான். வாங்க, டீ சாப்புடுவோம்."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் சொன்னார். "நான் சொன்ன காரணம் தப்பு. அந்தக் கம்பெனிக்குக் கடன் இருக்கு. நான் பழைய அறிக்கையைப் படிச்சுட்டு எழுதிட்டேன்."

"கடன் இல்லாதது யாரு டீச்சர்? எனக்கு இல்லையா?"

"அதுகூடப் பெருசில்ல. கடன் இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் என்னால விக்க முடியல. ஏன்னா நான் வாங்குனது அதுக்காகவே இல்ல." பிறகு மரியப்பனைப் பற்றி, மேலாளரைப் பற்றி, ஆஷ்லினின் கட்டணத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

பெத்தன் கண்ணாடித் தம்ளரைக் கையில் உருட்டினார். "அப்ப பம்பு ஓடும்னு சொன்னது?"

"அது போர்டுக்காகச் சொன்னது."

"வாங்குனதுக்கு நூத்துக்கு நாலு ஏறியிருக்கு டீச்சர்."

"அதான் இப்பவே வந்தேன். எறங்குன பிறகு வந்து சொன்னா அதுக்குப் பேரு துக்கம் விசாரிக்கிறது."

"சரி, விக்கவா, வச்சிருக்கவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, வண்டி எடுக்கணும்."

"சொல்ல மாட்டேன். ஒருதரம் நான் சொல்லி நீங்க செஞ்சது போதும். இருபத்தெட்டாந் தேதி அது கொறைஞ்சு கெடந்தா பிரியாவுக்கு என்ன பதில் சொல்லுவீக? அத மட்டும் யோசிங்க."

நடத்துநர் விசில் ஊதினார். பெத்தன் எழவில்லை. கைபேசியை எடுத்தார். பேருந்து ஜன்னலிலிருந்து ஓர் அம்மாள், "டிரைவரே, பொண்டாட்டிகூட அப்பறம் பேசிக்கலாம்யா, வெயிலு காந்துது" என்று கத்தினார். பெத்தன் நிதானமாக விற்றார். விற்றாகிவிட்டது என்று திரையில் வந்ததும், அதை டீச்சரிடம் காட்டிவிட்டுப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவரும் யாரிடமும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சர் பலகையில் தன் பழைய காரணத்தை அழித்துவிட்டு, "நன்றிக்காக வாங்கினேன்" என்று எழுதினார். அறையில் பெரிய வாக்குவாதம்.

"இதெல்லாம் ஒரு காரணமா டீச்சர்?" என்றார் முத்துக்கண்ணன். "நன்றிக்கு வாங்குறதுன்னா, எனக்குப் பொண்ணு குடுத்த மாமனாரு பஸ் கம்பெனில வேல பாத்தாரு, நான் பஸ்ஸ வாங்கணுமா?"

"மாமனாருக்கு நீங்க நன்றியா இருந்த லச்சணம் தெரியாதாக்கும்" என்றார் காளீஸ்வரி. "வாங்கலாம் டீச்சர். ஆனா நன்றிக்கு வாங்குனத லேசுல விக்க முடியாது. அதத் தெரிஞ்சுதான் வாங்கணும்."

கடைசியில் நன்றியையும் காரணமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்கள்: "இது மற்றவர்களுக்குப் பொருந்தாது."

ஜூன் இருபத்தெட்டு வந்தது. பெத்தன் மதுரைக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டி வந்தார். ஜூலையில் அந்தக் கம்பெனிக்குச் சூரியசக்தி பம்புக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது. டீச்சரைப் பயமுறுத்திய கடன், அந்த பம்பைச் செய்யும் தொழிற்சாலைக்காக வாங்கியது. பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு ஏறியது. நியாயம் பேசிவிட்டு விற்காமல் வைத்திருந்த டீச்சருக்கு லாபம். அதைக் கேட்டு நடந்த பெத்தனுக்கு ஒன்றுமில்லை. உலகம் சரியாகத்தான் இயங்குகிறது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடலாம்.

முத்துக்கண்ணன் விடுவாரா? "பெத்தா, டீச்சர் ஒரு தரம் பஸ் ஏறுனதுல ஒனக்கு ஒரு ஸ்கூட்டர் போச்சு."

பெத்தன் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார். "போகட்டும்யா. இத வாங்கு, அத வாங்குன்னு எனக்குச் சொல்றதுக்கு ஆயிரம் பேரு. 'நான் சொன்னது தப்பு'ன்னு கீழச்சிவல்பட்டி வரைக்கும் வந்து சொன்னது இவுக ஒருத்தருதான். அதுவும் பங்கு ஏறிக்கிட்டு இருக்கையில. ஒங்க சிமெண்டு எறங்குனப்ப நீங்க எங்க போனீக? கடையச் சாத்திட்டுத் திருச்செந்தூரு போனீக!"

முத்துக்கண்ணன் வேண்டுதல் என்று ஏதோ முனகினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி இருந்திருக்கலாம்.

ஆகஸ்டில் சத்தியப்பிரியா விடுமுறைக்கு வந்தாள். அப்பா சொல்லி, டீச்சர் வீட்டுக்கு ஒரு கிலோ இனிப்பும், கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியுமாக வந்து நின்றாள். இனிப்பு அப்பாவின் யோசனை, கருவி அவளுடையது. படித்ததை யார் கையிலாவது பழக வேண்டும் என்று டீச்சரின் கையைக் கேட்டு வாங்கிப் பட்டையைச் சுற்றினாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"நூத்தி எழுபதுக்கு நூறு இருக்கு டீச்சர். இதுக்கு முந்திப் பாத்தப்ப எம்புட்டு இருந்துச்சு?"

"நான் பாத்ததே இல்லையே."

"ஒருதரம்கூடவா?"

"எனக்கு ஒரு வலியும் இல்லையே, எதுக்குப் பாக்கணும்?"

"ஊரையே எதுக்குன்னு கேப்பீகளாமே, அப்பா சொன்னாரு. இத யாருமே ஒங்களக் கேக்கலையா?" என்றாள் அந்தப் பெண். இனிப்புப் பெட்டியைத் தானே எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, டீச்சரைக் கையோடு ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கூட்டிப் போனாள். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார் மருத்துவர். காலையில் ஒரு மாத்திரை, ஊறுகாய் கூடாது, தினமும் நடை.

அந்த ஞாயிறு கூட்டத்தில் முத்துக்கண்ணன் மருந்து கம்பெனி ஒன்றில் வாங்கியிருந்தார். காரணம்: "டீச்சர் தினம் ஒன்று போடுகிறார்." காரணம் செல்லாது என்று காளீஸ்வரி சண்டைக்கு வந்தார். டீச்சர் அதில் கலந்துகொள்ளவில்லை. நாற்காலியைப் பெத்தன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"பிரியாவை ஆண்டவர் நல்லா வச்சிருக்கணும். பெத்தன், மூணாம் வருசத்துப் பீஸு எங்க இருக்கு?"

"பேங்குல சேந்துக்கிட்டு இருக்கு டீச்சர். சும்மாதான் கெடக்கு."

"கெடக்கட்டும்" என்றார் டீச்சர்.